எலி எதை அடையாளம் காண்கிறது: புதுப் பொருள் சோதனையை மூளைப் பகுதியோடு சேர்த்து நடத்தும் முறை

ஏற்கெனவே பார்த்த பொருள் ஒன்று, பார்க்காத பொருள் ஒன்று. இரண்டையும் வைத்து ஓர் எலியை உள்ளே விட்டால், பார்க்காததிடம்தான் அது அதிக நேரம் முகர்ந்துகொண்டு நிற்கும். அதற்குப் பழக்கியெடுக்க வேண்டாம், பட்டினி போட வேண்டாம், ஷாக் கொடுக்க வேண்டாம். இந்த இயல்பையே அளவுகோலாக்கி எனாசூர், டெலக்கூர் இருவரும் 1988-இல் வெளியிட்ட சோதனை இன்று உலகமெங்கும் நரம்பியல் ஆய்வகங்களில் நடக்கிறது. ஒரு பெட்டி, சில பொருட்கள், ஒரு கேமரா இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் பொருளை எங்கே வைத்தோம், எவ்வளவு நேரம் காட்டினோம், எத்தனை மணி கழித்துச் சோதித்தோம் என்பதைப் பொறுத்து அந்த வேலையைச் செய்யும் மூளைப் பகுதியே மாறிவிடுகிறது. எந்தப் பகுதியைப் பற்றிய கேள்வி என்று தீர்மானிக்காமல் சோதனையைத் தொடங்கினால், கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

முதலில் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே பெட்டியில் நான்கு விதமாகக் கேட்கலாம்.

"இந்தப் பொருளை முன்பு பார்த்திருக்கிறாயா?" என்பது முதல் கேள்வி. ஒரே மாதிரி இரண்டு பொருட்களைக் காட்டி, இடைவெளி விட்டு, ஒன்றை மாற்றி வைப்பது. இது பெரிரைனல் கார்டெக்ஸின் வேலை. எலி மூளையின் பக்கவாட்டில் ரைனல் பள்ளத்தை ஒட்டி, பின்பகுதியில் ஓடும் ஒடுங்கிய பட்டை அது. 35, 36 என்ற இரண்டு பகுதிகள் சேர்ந்தது.

"இந்தப் பொருள் இந்த இடத்தில்தான் இருந்ததா?" என்பது இரண்டாவது. பொருட்கள் இரண்டும் பழையவை, ஒன்று மட்டும் இடம் மாறியிருக்கும். இதற்கு இட நினைவுக்கு அவசியமான ஹிப்போகாம்பஸ் என்ற உட்பகுதி வேண்டும், பெரிரைனல் வேண்டியதில்லை.

மூன்றாவது, எந்தப் பொருள் எந்த இடத்தில் என்ற சேர்க்கை. நான்கு வெவ்வேறு பொருட்களைக் காட்டிவிட்டு, சோதனையில் அவற்றில் இரண்டை மட்டும் இடம் மாற்றிப் போடுவது. எல்லாப் பொருளும் பழையவை, எல்லா இடமும் பழையவை. சேர்க்கை மட்டுமே புதிது. நான்காவது, எதை முதலில் பார்த்தது, எதைப் பிறகு பார்த்தது என்ற வரிசை: முதலில் ஒரு ஜோடி, ஒரு மணி நேரம் கழித்து வேறொரு ஜோடி, பிறகு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று. நல்ல நினைவுள்ள எலி முதலில் பார்த்ததிடம் அதிக நேரம் செலவிடும்.

மூன்றாவதும் நான்காவதும் தனிப் பகுதி ஒன்றின் வேலை இல்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பார்க்கர், வார்பர்ட்டன் குழு 2007-இலும் 2011-இலும் வெளியிட்ட ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிகிறது. மூளையின் முன்பகுதியில் நடுப்புறமாக உள்ள மீடியல் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸைச் சேதப்படுத்திய எலிகள் முதல் இரண்டு கேள்விகளிலும் தேறின, மூன்றிலும் நான்கிலும் தோற்றன. ஹிப்போகாம்பஸ் சேதமடைந்தவை முதல் கேள்வியில் மட்டும் தேறின. பெரிரைனல் சேதமடைந்தவை இடக் கேள்வியில் மட்டும் தேறின. ஆக, முதல் கேள்வியையும் இரண்டாவதையும் சேர்த்தே நடத்துவது நல்லது. ஒன்றில் தோற்று இன்னொன்றில் தேறினால்தான், எலிக்குக் கண் தெரியாமலோ ஆர்வம் குறைந்தோ போகவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

பெட்டி, வெளிச்சம், எலி

சுண்டெலிக்கு 40 செ.மீ. சதுரப் பெட்டி போதும். எலிக்கு 60 முதல் 100 செ.மீ. வரை வேண்டும், சுவர் 40 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பளபளப்பில்லாத சாம்பல் நிறம் பூசுங்கள். பிரதிபலிப்பு இருந்தால் தானியங்கி மென்பொருள் குழம்பும், சில எலிகள் தம் பிம்பத்தையே முகர்ந்துகொண்டிருக்கும். தரையில் மரத்தூள் பரப்பினால் எலியின் பதற்றம் குறையும். ஒரு தொகுதி முழுவதற்கும் அதே தூளைக் கிளறிவிட்டுப் பயன்படுத்துங்கள். இடையிடையே மாற்றினால் முந்தைய எலியின் வாசம் சிலவற்றுக்கு இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது.

வெளிச்சம் மங்கலாக, பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு மூலை இருட்டாக இருந்தால் எலி அங்கேதான் போய் உட்காரும். அந்த மூலைப் பொருளுக்குப் போலி மதிப்பெண் விழும்.

பொருளை மட்டும் கேட்கும் சோதனையில் பெட்டிக்கு வெளியே எதுவும் தெரியாதபடி திரை போடுங்கள். இடத்தைக் கேட்கும் சோதனையில் இதற்கு நேரெதிர்: சுவருக்கு மேலே அட்டை, போஸ்டர் என்று அசையாத அடையாளங்கள் வேண்டும், அவை சோதனை முடியும்வரை மாறக் கூடாது.

இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணைப் பாருங்கள். வெள்ளை எலிகளின் பார்வை மங்கல், லிஸ்டர் ஹூடட், லாங் எவன்ஸ் போன்ற நிறமுள்ள இனங்கள் பொருத்தமானவை. சுண்டெலிகளில் சி3எச், எஃப்விபி இனங்கள் பலவற்றுக்கு விழித்திரையைச் சிதைக்கும் மரபணுக் குறைபாடு உண்டு. வளர்ந்த பிறகு அவற்றுக்குக் கண் தெரியாது. அந்த இனப் பின்னணியில் உருவாக்கிய ஜீன்மாற்ற விலங்கு நினைவில் தோற்றது என்று அறிக்கை எழுதுவதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

இந்தியாவில் நடத்துபவர்களுக்கு: 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் சி.சி.எஸ்.இ.ஏ. என்ற அரசுக் குழுவின் விதிப்படி, நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழு அனுமதி கிடைத்த பிறகே எலிகளை வாங்க வேண்டும். அறுவை இல்லாத நடத்தைச் சோதனைக்கும் இது பொருந்தும்.

பொருட்கள்

பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போவது இங்கேதான்.

ஒவ்வொரு பொருளிலும் ஒரே அச்சில் வார்த்த மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு முதல் கட்டத்துக்கு, மூன்றாவது சோதனைக் கட்டத்துக்கு. முதலில் முகர்ந்த அதே பிரதியைத் திரும்ப வைத்தால், எலி தன் எச்சில் வாசத்தைத்தான் அடையாளம் காண்கிறது. கண்ணாடி, பீங்கான், உலோகம், கெட்டியான பிளாஸ்டிக் நல்லவை. மரமும் துணியும் வாசத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எலிக்கு 10 செ.மீ.க்கு மேல் உயரம் வேண்டும், உச்சியில் உட்கார இடமிருக்கக் கூடாது. ஓட்டையோ பிடிமானமோ உள்ள பொருளில் எலி மூக்கை நுழைக்கும், ஏறும், கடிக்கும். அது நினைவின் அளவு இல்லை. எலி தள்ளி நகர்த்த முடியாத எடை இருக்கட்டும், அல்லது அடியில் ஒட்டுக் களிமண் வைத்து அழுத்துங்கள்.

இரண்டு பொருட்களுக்கும் வித்தியாசம் வடிவத்திலும் மேற்பரப்பிலும் இருக்கட்டும். எலியின் கண்ணில் இரண்டு வகைக் கூம்பு அணுக்களே உண்டு, ஒன்று புற ஊதாவுக்கு, இன்னொன்று பச்சைக்கு. நமக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்பு அதற்கு இருட்டுப் போலத்தான். சிவப்புக் கோப்பைக்கும் கறுப்புக் கோப்பைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எலியைக் குறை சொல்ல முடியாது.

சோதனையில் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு ஜோடியையும் சோதனைக்கு வராத தனி எலிகளிடம் முதலில் காட்டிப் பாருங்கள். இரண்டுமே புதிதாக இருக்கும்போது எதன் பக்கமும் சாயக் கூடாது. சாய்ந்தால் அந்த ஜோடியை ஒதுக்குங்கள். எந்தப் பொருள் புதிது, அது இடமா வலமா என்பதையும் குழுவுக்குள் சமமாக மாற்றிப்போட வேண்டும்.

ஒவ்வோர் எலிக்குப் பிறகும் பொருட்களை 70 சதவீத எத்தனாலால் துடைத்து, வாசம் போகும்வரை காயவிடுங்கள். ஈரமாக வைத்தால் எலி விலகிப்போகும்.

நடத்தும் முறை

சோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் சில நிமிடம் எலியைக் கையில் எடுத்துப் பழக்குங்கள். கையில் எடுத்ததும் மலம் கழிக்கும், விறைத்துக்கொள்ளும் எலி இன்னும் தயாராகவில்லை. அதற்குப் பிறகு காலிப் பெட்டியில் ஒரு நாளைக்கு 5 முதல் 10 நிமிடம், நான்கு நாள். பெட்டியே புதிதாக இருக்கும் எலி சுவரை ஒட்டியே ஓடும், பொருளைப் பார்க்காது. பெட்டியை அறிவது ஹிப்போகாம்பஸ் சார்ந்த வேலை என்பதால், பழக்கம் குறைந்தால் பொருள் நினைவோடு அதுவும் கலந்துவிடும்.

முதல் கட்டத்தில் ஒரே மாதிரி இரண்டு பொருட்கள். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள்; எலி பொருளைச் சுற்றி வர இடம் வேண்டும். எலியைப் பொருட்களுக்கு முதுகு காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்து விடுங்கள். எலிக்கு 4 நிமிடம் வழக்கம். நேரத்தை மட்டும் நிலையாக வைத்தால், சுறுசுறுப்பான எலி அதிகம் பார்க்கும், சோம்பலானது குறைவாகப் பார்க்கும். அதனால் முகர்ந்த நேரத்தை நிலையாக வைப்பது மேல். சுண்டெலியில் இரண்டு பொருட்களையும் சேர்த்து 20 விநாடி முகர்ந்ததும் வெளியே எடுப்பது, 10 நிமிடத்துக்குள் அதை எட்டாததை விலக்குவது என்பது 2013-இல் லேஜே குழு வெளியிட்ட செய்முறை.

பிறகு எலி தன் கூண்டில் இருக்கட்டும். 5 நிமிடம், ஒரு மணி, 24 மணி என்று இடைவெளி எதுவாகவும் இருக்கலாம். 24 மணி வைத்தால் சோதனையும் அடுத்த நாள் அதே நேரத்தில் நடக்க வேண்டும்.

சோதனைக் கட்டம் 3 நிமிடம். கணக்கை முதல் 2 நிமிடத்தில் எடுங்கள். அதற்குள் புதுப் பொருளும் பழகிப்போய்விடும், நேரம் போகப்போக வித்தியாசம் கரையும். 10 நிமிடப் பதிவு முழுவதையும் கூட்டி "நினைவு இல்லை" என்று முடிவுக்கு வந்தால், நல்ல நினைவைத்தான் தூக்கி எறிந்தோம் என்று அர்த்தம்.

மதிப்பெண்

மூக்கு பொருளிலிருந்து 2 செ.மீ.க்குள் இருந்து, பொருளை நோக்கி, முகர்வதோ மீசையால் தொடுவதோ நடந்தால் மட்டும் கணக்கில் சேரும். பொருளில் சாய்ந்து நின்று மேலே பார்ப்பது, மேலே உட்காருவது, கடிப்பது, பக்கத்தில் உடம்பைச் சுத்தம் செய்வது சேராது. மென்பொருள் எலியின் உடல் மையத்தைப் பின்தொடர்ந்தால் இவையெல்லாம் சேர்ந்துவிடும், மூக்கு நுனியைப் பின்தொடரும்படி அமைக்க வேண்டும். அப்போதும் பத்தில் ஒரு வீடியோவையாவது கையால் எண்ணி ஒப்பிடுங்கள். எண்ணுபவருக்கு எது புதுப் பொருள் என்றோ, எந்த எலி எந்தக் குழு என்றோ தெரியக் கூடாது.

கணக்கு எளிது. புதியதில் செலவழித்த நேரத்திலிருந்து பழையதின் நேரத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். புதியது 24 விநாடி, பழையது 12 விநாடி என்றால் 12-ஐ 36-ஆல் வகுக்க 0.33. பூஜ்யம் என்றால் வேறுபாடு காணவில்லை. ஒவ்வொரு குழுவின் எண்ணும் பூஜ்யத்திலிருந்து விலகியதா என்று பாருங்கள், அதோடு இரண்டு குழுக்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுங்கள். ஒரு குழு பூஜ்யத்தைத் தாண்டியது, மற்றது தாண்டவில்லை என்பது மட்டுமே இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதற்கு ஆதாரம் ஆகாது. இந்தத் தவறு அச்சான கட்டுரைகளிலும் இருக்கிறது.

மைனஸ் எண் வந்தால் "பழையதை விரும்புகிறது" என்று உடனே எழுதாதீர்கள். புதியதைக் கண்டு பயந்து விலகியிருக்கலாம். வீடியோவில் எலி உடம்பை நீட்டி, பின்னங்கால் நகராமல் தூரத்திலிருந்து முகர்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பழக்கும் நாட்கள் போதவில்லை.

சாதாரண எலிகளின் எண்ணே 24 மணியில் பூஜ்யத்தை ஒட்டி நின்றால், முதல் கட்டத்தின் நேரம் குறைவு. அதை நீட்டிவிட்டுத்தான் மூளைச் சோதனைக்குப் போக வேண்டும்.

மூளைப் பகுதியைச் சேர்த்தல்

நிரந்தரச் சேதம், தற்காலிகத் தடை என்று இரண்டு வழி. சேதத்துக்கு என்எம்டிஏ போன்ற நச்சு ஊசி நல்லது. அது நரம்பணுவின் உடலைக் கொல்லும், அந்த வழியாகக் கடந்துபோகும் இழைகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். மின்சாரத்தால் எரித்தால் இழைகளும் போய்விடும், எந்தப் பகுதியைச் சோதித்தோம் என்பதே தெரியாது. பெரிரைனலைப் பக்கவாட்டிலிருந்து எட்டினால் தாடைத் தசையை விலக்க வேண்டியிருக்கும், சில நாள் எலியால் கடித்துத் தின்ன முடியாது. ஊறவைத்த மிருதுவான தீனி கொடுத்து, எடையைத் தினமும் பாருங்கள். எடை திரும்பி இரண்டு வாரம் ஆகும்வரை சோதனை வேண்டாம்.

சேதப்படுத்தினால் ஒரு குறை உண்டு: பதிக்கும்போது தோற்றதா, நினைவைத் திரும்ப எடுக்கும்போது தோற்றதா என்று சொல்ல முடியாது. அதற்குத் தற்காலிகத் தடைதான் வழி, மூளைக்குள் மருந்து செலுத்தப் பொருத்தும் கேன்யூலா என்ற மெல்லிய குழாய் வேண்டும். 26 கேஜ் வழிகாட்டிக் குழாய், அதனுள் 33 கேஜ் ஊசி, ஒரு பக்கத்துக்கு 1 மைக்ரோலிட்டர், நிமிடத்துக்கு 0.5 மைக்ரோலிட்டர் வேகம், பிறகு 5 நிமிடம் ஊசியை அப்படியே விட்டுவைத்தல். உடனே உருவினால் மருந்து ஊசித்தடம் வழியாக மேலேறி, குறியில்லாத பகுதிக்குப் போய்விடும். முதல் கட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு கொடுத்தால் பதிவைத் தடுக்கிறோம், அந்தக் கட்டம் முடிந்தவுடன் கொடுத்தால் நினைவு உறுதிப்படுவதை, சோதனைக்கு 15 நிமிடம் முன்பு கொடுத்தால் நினைவுகூர்வதை.

மருந்தின் தேர்வும் கேள்வியின் பகுதிதான். நரம்பணுக்கள் வேதிச் சமிக்ஞையை வாங்கும் புரதங்களுக்கு ஏற்பி என்று பெயர். 2006-இல் பிரிஸ்டல் குழு பெரிரைனலில் என்எம்டிஏ என்ற வகை ஏற்பியை ஏபி5 மருந்து கொண்டு தடுத்தபோது 24 மணி நினைவு போனது, 20 நிமிட நினைவு நின்றது. கைனேட் என்ற இன்னொரு வகை ஏற்பியைத் தடுத்தபோது இது தலைகீழானது. குறுகிய நினைவே நீண்டு நீண்ட நினைவாகிறது என்ற நேர்கோட்டுக் கருத்து இதற்குப் பொருந்தாது. ஆகவே ஒரே இடைவெளியில் சோதித்துவிட்டு "பெரிரைனலில் இந்த ஏற்பி தேவையில்லை" என்று எழுதக் கூடாது.

இரண்டு பகுதிகள் சேர்ந்து உழைக்கின்றனவா என்று கேட்க, குறுக்குத் துண்டிப்பு முறை உண்டு. இடப்பக்கப் பெரிரைனலையும் வலப்பக்க ப்ரீஃப்ரன்டலையும் சேதப்படுத்துங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி மிஞ்சும், ஆனால் ஒரே அரைக்கோளத்தில் இரண்டும் சேர்ந்து இராது. ஒப்பீட்டுக் குழுவில் இரண்டு சேதமும் ஒரே பக்கம். சேத அளவு சமம், துண்டிப்பு மட்டும் வேறு. குறுக்கில் துண்டித்த எலிகள் சேர்க்கையிலும் வரிசையிலும் மட்டும் தோற்றன என்பது 2007 ஆய்வின் முடிவு. அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது முடிவைவிட அந்த ஒப்பீட்டுக் குழுவின் வடிவமைப்பு.

ஹிப்போகாம்பஸ் பற்றிய சண்டை

பொருளை மட்டும் அடையாளம் காண ஹிப்போகாம்பஸ் வேண்டுமா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கிளார்க், சோலா, ஸ்குவயர் 2000-இல் நீண்ட இடைவெளிகளில் குறை கண்டார்கள். 2004-இல் வின்டர்ஸ் குழு, உயரமான சுவர் கொண்ட ஒய் வடிவப் பெட்டியில் இடக் குறிப்புகளை ஒழித்துச் சோதித்தபோது குறையே இல்லை. அதே ஆண்டு பிராட்பென்ட், ஸ்குவயர், கிளார்க் மூவரும் காட்டியது: முதுகுப்புறத்தில் சேதப்படுத்தி ஹிப்போகாம்பஸின் மொத்த அளவில் 30 முதல் 50 சதவீதம் போனாலே, நீரில் மறைந்த மேடையை நீந்திக் கண்டுபிடிக்கும் நீர்த்தொட்டிச் சோதனையின் இட நினைவு கெடுகிறது, பொருள் நினைவு கெட 75 முதல் 100 சதவீதம் போக வேண்டும். 2013-இல் கோஹன் குழு, சுண்டெலியின் ஹிப்போகாம்பஸில் சிஏ1 என்ற பகுதியில், நரம்பணுக்களைத் தற்காலிகமாக அடக்கும் மஸ்கிமால் மருந்தைச் செலுத்திப் பொருள் நினைவே போவதாகக் கண்டது.

இவற்றை ஒன்றுக்கொன்று முரண் என்று ஒதுக்குவதைவிட, செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். திறந்த பெட்டி, நீண்ட முதல் கட்டம், 24 மணி இடைவெளி என்று போனால் எலி பொருளை அதன் இடத்தோடும் சூழலோடும் சேர்த்தே பதிக்கும், ஹிப்போகாம்பஸும் உள்ளே வரும். பெரிரைனலை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஒய் பெட்டியும் குறுகிய இடைவெளியும் எடுங்கள். கட்டுரையில் சேதத்தின் சதவீதத்தைக் கட்டாயம் எழுதுங்கள், "ஹிப்போகாம்பஸ் சேதம்" என்ற சொல் மட்டும் போதாது.

தோல்வியை எப்படி வாசிப்பது

எண் பூஜ்யம் என்றால் எலி மறந்துவிட்டது என்றே நினைப்போம். மக்டைக் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதை அசைத்தது. பெரிரைனல் சேதமான எலிகள் பழைய பொருளைப் புதியதாக நினைக்கவில்லை, புதிய பொருளையே ஏற்கெனவே பார்த்தது போல நடத்தின. இடைவெளியின்போது எதையும் பார்க்க முடியாத சூழலில் வைத்தபோது அவை தேறின. இடையில் கண்ணில் பட்ட மற்றவற்றின் கோடும் வளைவும் நினைவைக் குழப்பியிருந்தன. பெரிரைனல் இருந்தால் அந்தக் கூறுகளை ஒரு முழுப் பொருளாகக் கட்டி வைத்திருக்கும், குழப்பம் குறைந்திருக்கும்.

ஆகவே விகிதத்தோடு விநாடிகளையும் அட்டவணையில் தனித்தனியே கொடுங்கள். பழையது 20, புதியது 20 என்பதும், பழையது 8, புதியது 8 என்பதும் ஒரே பூஜ்யத்தைத்தான் தரும். முதலாவது எல்லாம் புதிது என்ற எலி, இரண்டாவது எல்லாம் பழையது என்ற எலி. எலி கூண்டில் இருந்த இடைவெளியில் என்ன பார்த்தது என்பதும் எழுத வேண்டிய விவரம்.

தொடாமலே பார்ப்பது

மூளையைச் சேதப்படுத்தாமல், எந்தப் பகுதி வேலை செய்தது என்று பார்க்க, நரம்பணு தூண்டப்பட்டதும் அதற்குள் உருவாகும் ஃபாஸ் புரதம் உதவும். நிகழ்வு முடிந்து சுமார் 90 நிமிடத்தில் புரதம் உச்சத்தில் இருக்கும். அப்போது மூளையை எடுத்து, நறுக்கி, நிறமேற்றி எண்ண வேண்டும். எலியின் பார்வை இழைகளில் பெரும்பாலானவை எதிர்ப்பக்கம் கடப்பதால், ஒரு கண்ணுக்குப் புதுப்படமும் இன்னொரு கண்ணுக்குப் பழைய படமும் ஒரே நேரத்தில் காட்டி, ஒரே எலியின் இரண்டு அரைக்கோளங்களை ஒப்பிடலாம். இப்படி வான், அக்கில்டன், பிரவுன் 1999-இல் செய்தபோது, புதுப்படத்துக்குப் பெரிரைனலில் ஃபாஸ் கூடியது. பழைய பொருட்களையே புது அடுக்கில் காட்டியபோது ஹிப்போகாம்பஸில்தான் மாற்றம் தெரிந்தது. ஒப்பீடு எலிக்குள்ளேயே நடப்பதால் எலிக்கு எலி மாறும் பதற்றமும் விழிப்பும் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் மூளைத் துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஊசி நுனியும் சேதமும் எங்கே என்று குறிக்க வேண்டும். பெரிரைனல் ஒடுங்கியது, ஊசி கொஞ்சம் கீழே போனால் என்டோரைனல், கொஞ்சம் மேலே போனால் டீஇ கார்டெக்ஸ் என்ற வேறு பகுதிகளில் இறங்கிவிடும். எந்த எலியை விலக்குவது என்ற முடிவை நடத்தை எண்களைப் பார்க்காத ஒருவர் எடுத்து, பட்டியலில் கையெழுத்திட்ட பிறகுதான் கணக்குக் கோப்பைத் திறக்க வேண்டும்.